பெயரும் சாவியும்: நட்சத்திரச் சான்றிதழின் வரலாறு

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறியோர்க்குச் சான்றிதழின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வாடகைக்கு வீடு கேட்டாலும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கச் சென்றாலும், வங்கியில் கணக்குத் தொடங்கினாலும், ‘நீர் இன்னார் என்பதற்குச் சான்று யாது?’ என்ற வினாவே முதலில் எழுகிறது. சொந்த ஊரில் முகமே சான்று. வேற்றூரில் அது போதாது. இரு தரப்பாரும் நம்பும் மூன்றாமவர் ஒருவரின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும்.

இணையத்தில் நாம் அனைவருமே வேற்றூரார்தாம். மும்பையில் இருந்துகொண்டு திருநெல்வேலியிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்புகிறோம். கொல்கத்தாவில் இருந்துகொண்டு பொங்கலுக்கு ஊர் செல்ல இரயில் சீட்டு எடுக்கிறோம். மறுமுனையில் நின்று நம்மோடு பேசுவது நம் வங்கியின் கணினிதானா, அதன் வேடம் பூண்ட வேறொன்றா என்பதைக் கண்ணால் கண்டு அறிய இயலாது. அதனை நமக்காக ஆராய்ந்து சொல்வதற்கென ஏற்பட்டதே டி.எல்.எஸ். சான்றிதழ். அச்சான்றிதழ்களுள்ளும் வல்லமை மிக்க ஒன்று உண்டு. ஒரு பெயரின் கீழுள்ள எல்லாக் கிளைப் பெயர்களுக்கும் ஒரே ஏடு செல்லும் என்று ஒரு நட்சத்திரக் குறியால் அது பேசும். ஆங்கிலேயர் வழக்கில் இதனை வைல்டுகார்டு சான்றிதழ் என்பர். இன்று எச்சிறு சங்கமும் இதனைக் காசின்றிப் பெறலாம். ஆயின், இது கிடைப்பதற்குக் காட்ட வேண்டிய ஆதாரம் வீட்டு வாயிலில் இல்லை. ஊரின் பெயர்ப் பதிவேட்டில் இருக்கிறது. இந்நிலை எவ்வாறு வந்தது என்பதை விளங்கிக்கொள்ள, தனித்தனியே தோன்றிப் பின்னர் ஒன்றுகூடிய இரண்டு பதிவேடுகளின் வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

முதலாவது, பெயர்களின் பதிவேடு. 1969-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்பாநெட் என்னும் கணினி வலையே இணையத்தின் முன்னோடி. அதில் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. எண்ணை நினைவிற்கொள்வது அரிது; ஆதலின் பெயர் வைத்தனர். எப்பெயருக்கு எவ்வெண் என்ற பட்டியல் ஒரே ஒரு கோப்பாகக் கலிபோர்னியாவில் மென்லோ பார்க் நகரத்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தது. அதனைப் பேணி வந்த தகவல் மையத்தின் தலைவி எலிசபெத் பைன்லர் என்னும் அம்மையார். புதிய கணினி ஒன்று வலையில் சேருமானால் அம்மையத்திற்குத் தெரிவிக்க வேண்டும்; அவர்கள் பட்டியலில் எழுதுவர்; உலகத்துக் கணினிகள் யாவும் அப்பட்டியலைப் படியெடுத்துக்கொள்ளும். சில நூறு கணினிகள் இருந்தமட்டும் இம்முறைக்கு ஊறில்லை. தொகை பெருகப் பெருக, எழுதுவதும் படியெடுப்பதும் மாளாத வேலையாயின.

1983-இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிலையத்தைச் சார்ந்த பால் மொக்கபெட்ரிஸ் இதற்கு ஒரு மாற்று வகுத்தார். நாட்டு நிலமனைத்தையும் தலைநகரத்து ஏடொன்றில் எழுதாமல், அந்தந்தக் கிராமத்து ஏட்டை அந்தந்தக் கணக்கர் கையில் விட்டிருந்தனர் அன்றோ நம் முன்னோர்? அதனையொத்த ஏற்பாடே இது. மேலிடத்தில் இருப்போர் ‘இந்தக் கிளையின் ஏடு இன்னார் கையில் உள்ளது’ என்று மட்டும் எழுதி வைப்பர். கிளைக்குள் இருக்கும் பெயர்களைக் கிளைக்குரியவரே எழுதிக்கொள்வார். இதுவே டி.என்.எஸ். எனப்படும் பெயர் அமைப்பு. 1989-இல் நம் நாட்டிற்கு ‘இன்’ என்னும் கிளை கிடைத்தது. பின்னர்த் தமிழ் எழுத்திலேயே ‘இந்தியா’ என்று முடியும் கிளையும் வந்தது. தமிழில் எழுதிய பெயரைக் கணினிகள் தமக்குள் இலத்தீன் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு மாற்றுருவில் வைத்துக்கொள்கின்றன; சான்றிதழிலும் அம்மாற்றுருவே ஏறுகிறது என்பது தமிழன்பர் பலர் அறியாத செய்தி.

1987-இல் இவ்வமைப்பின் விதிகளைத் திருத்தி எழுதியபோது அவற்றில் இடம்பெற்றிருந்த இரு சிறு ஏற்பாடுகளை இங்கு நினைவில் வைக்குமாறு நேயர்களை வேண்டுகிறோம். ஒன்று, நட்சத்திரக் குறி. ‘இக்கிளையில் இல்லாத பெயர் எதனைக் கேட்டாலும் இந்த விடையைச் சொல்க’ என்பது அதன் பொருள். வேறு அஞ்சல் வலைகளுக்குக் கடிதங்களைத் திருப்பிவிடவே அது பெரிதும் பயன்பட்டது. மற்றொன்று, பதிவேட்டில் ஒரு பெயருக்கு எதிரே விருப்பம்போல் ஒரு வரி எழுதிக்கொள்ள இடந்தரும் ‘உரைப் பதிவு’. ஏட்டின் ஓரத்தில் குறிப்பு எழுதுவது போன்றது அது. அற்பமாகத் தோன்றிய அந்த ஓரக் குறிப்பே முப்பதாண்டுகட்குப் பின் உரிமையை நாட்டும் ஆவணமாயிற்று.

இரண்டாவது, சாவிகளின் பதிவேடு. 1976-இல் விட்பீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவர் மறைமொழிக் கலையில் ஒரு புரட்சி செய்தனர். பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு மற்றொரு சாவி என்று இணையாக வைத்துக்கொண்டால், முதற்சாவியை ஊரறிய வெளியிடலாம். இரண்டாவதை மட்டும் மறைத்து வைத்தாற் போதும். அங்ஙனமாயின் இன்னாருடைய பொதுச்சாவி இன்னது என்று எப்படி அறிவது? தொலைபேசி எண் புத்தகம் போல ஒரு பொதுப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம் என்றனர். மென்லோ பார்க்கின் பட்டியலுக்கு நேர்ந்த இடரே இதற்கும் நேரும் அன்றோ? ஒரே புத்தகம், அதனை எல்லாரும் எந்நேரமும் புரட்ட வேண்டும், புத்தகத்தில் ஒருவன் கைவைத்துவிட்டால் யாவும் கெடும்.

இதற்கு விடை கண்டவர் பேராசிரியர் அல்லர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் இளநிலைப் பட்டத்திற்குப் பயின்றுகொண்டிருந்த மாணவர் லாரன் கோன்பெல்டர். 1978-இல் அவர் எழுதிய ஆய்வேட்டில், புத்தகத்தை ஒவ்வொரு வரியாகக் கிழித்து, ஒவ்வொரு வரியின் கீழும் நம்பகமான ஒருவர் கையொப்பமிட்டு உரியவரிடமே கொடுத்துவிடலாம் என்று கூறினார். பெயரும் சாவியும் எழுதிய சீட்டு. அதன் கீழ் மூன்றாமவர் ஒப்பம். சீட்டை வைத்திருப்பவர் வேண்டியபோது காட்டுவார், காண்பவர் ஒப்பத்தைச் சரிபார்ப்பார், புத்தகம் தேவையில்லை. அச்சீட்டுக்கு அவர் இட்ட பெயரே ‘சான்றிதழ்’ என்பது.

வணிகம் இணையத்தில் புகுந்த காலத்தில் இச்சீட்டு பெருவழக்காயிற்று. நெட்ஸ்கேப் நிறுவனம் 1995-இல் எஸ்.எஸ்.எல். என்னும் பாதுகாப்பு முறையை வெளியிட்டது. அதன் வழிவந்த டி.எல்.எஸ். 1999-இல் பொது விதியாயிற்று. உலாவிக்கும் வங்கிக்கும் இடையே நடக்கும் பேச்சைப் பிறர் ஒட்டுக்கேளாமல் மறைப்பதும், பேசுவது வங்கியின் பெயருக்குரிய கணினியே என உறுதி செய்வதும் இதன் தொழில். 2000-ஆம் ஆண்டு வெளியான விதி நட்சத்திரக் குறியைச் சான்றிதழுக்குள்ளும் ஏற்றுக்கொண்டது. சான்றுக்காக, பிற மாநிலத்து நகரம் ஒன்றிலுள்ள தமிழ்ச் சங்கம் ‘சங்கம்.இந்தியா’ என்ற பெயரைப் பெற்றுள்ளதாகக் கொள்வோம். ‘*.சங்கம்.இந்தியா’ என்ற சான்றிதழ் இருந்தால் ‘நூலகம்.சங்கம்.இந்தியா’, ‘பள்ளி.சங்கம்.இந்தியா’, ‘நன்கொடை.சங்கம்.இந்தியா’ யாவற்றுக்கும் அது செல்லும்; நாளைக்குத் தொடங்கப்போகும் நாடகக் குழுவுக்கும் செல்லும். ஆனால் நட்சத்திரம் ஒரு படிக்கு மட்டுமே பொருந்தும். ‘சிறுவர்.நூலகம்.சங்கம்.இந்தியா’ என்று இரண்டு படி இறங்கினால் செல்லாது. கிளையற்ற தாய்ப்பெயரான ‘சங்கம்.இந்தியா’வுக்கும் செல்லாது. அதனைத் தனியே சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

வசதி மிகும் இடத்தில் இடரும் மிகும். ஒரு சான்றிதழுக்குரிய மறைச்சாவி களவு போனால் ஒரு கதவு திறக்கும். நட்சத்திரச் சான்றிதழின் சாவி களவு போனால் தெருவே திறக்கும். இதற்குச் சாவியைத் திருடவும் வேண்டுவதில்லை. ஒப்பமிடுபவரை ஏமாற்றினாலே போதும் என்பதை உலகம் 2011-இல் கண்டது. நெதர்லாந்து நாட்டில் டிஜிநோட்டார் என்ற சான்றளிக்கும் நிறுவனம் இருந்தது. அதன் கணினிகளுக்குள் ஊடுருவியோர் அதன் பெயராலேயே 500-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உண்டாக்கிக்கொண்டனர். அவற்றுள் ஒன்று கூகிளின் பெயரில் நட்சத்திரம் தாங்கியது. ஈரான் நாட்டில் தங்கள் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்த இலட்சக்கணக்கானோரின் இணைப்புகள் வழிமறிக்கப்பட்டன. உலாவியில் பூட்டுக் குறி இருந்தவாறே இருந்தது. ஆகஸ்டு இறுதியில் குட்டு வெளிப்பட்டது. உலாவி செய்வோர் அந்நிறுவனத்தின் ஒப்பத்தை நம்பும் பட்டியலினின்று நீக்கினர். செப்டம்பரிலேயே நிறுவனம் திவாலாயிற்று. சான்றளிப்பவரின் முதல் ஒப்பமன்று, நம்பிக்கையே என்பது ஒரு மாத காலத்தில் தெளிந்தது.

நம் நாடும் இதற்கு விலக்கன்று. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி நம் நாட்டில் சான்றளிப்போரைக் கண்காணிக்க ஒரு கட்டுப்பாட்டாளர் உளர். அவர்தம் அதிகாரத்தின் கீழ்ச் சான்றளித்து வந்த தேசியத் தகவலியல் மையத்தின் பெயரால், கூகிளின் பெயர்களுக்கு உரிமையற்ற சான்றிதழ்கள் புழங்குவது 2014 ஜூலை 2-ஆம் நாள் தெரியவந்தது. மறுநாளே கட்டுப்பாட்டாளர் அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை இரத்துச் செய்தார். வழங்கும் முறையில் பிறர் ஊடுருவியதாகவும், தவறாக வழங்கப்பட்டவை நான்கு எனவும் அறிவிக்கப்பட்டது; நான்கிற்கும் மேற்பட்டவற்றைத் தாம் அறிந்திருப்பதாகக் கூகிள் கூறிற்று. அதன்பின் கூகிளின் உலாவி, இந்தியக் கட்டுப்பாட்டாளரின் வழிவரும் ஒப்பங்களை ‘கவ்.இன்’, ‘நிக்.இன்’ முதலிய சில கிளைகளுக்குள் மட்டுமே ஏற்பதென வரையறுத்துக்கொண்டது. நாட்டின் முத்திரைக்கு அயல்நாட்டு நிறுவனமொன்று எல்லை வகுத்த இச்செய்தி நம்மவர்க்குச் சற்றுக் கசப்பானதே. எனினும் ஓர் ஒப்பத்தின் எல்லையைச் சுருக்குவது பாதுகாப்பே என்பதில் ஐயமில்லை. இதன் பயனை இறுதியில் மீண்டும் காண்போம்.

இத்தகைய நிகழ்ச்சிகளால் இரு சீர்திருத்தங்கள் பிறந்தன. வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழையும் எவரும் பார்க்கத்தக்க பொதுப் பேரேடுகளில் பதிய வேண்டும் என்ற முறையை 2013-இல் வகுத்தனர். அதே ஆண்டில், ‘என் பெயருக்கு இன்ன நிறுவனம் மட்டுமே சான்றளிக்கலாம்’ என்று பெயர்க்குரியவர் தம் பதிவேட்டிலேயே எழுதி வைக்கும் சி.ஏ.ஏ. என்னும் பதிவும் விதியாயிற்று. நட்சத்திரத்திற்கென்று தனி வரியும் அதில் உண்டு. 2017 செப்டம்பர் முதல், சான்றளிப்போர் யாவரும் அதனைப் பார்த்த பின்னரே ஒப்பமிட வேண்டும் என்றாயிற்று.

அடுத்த மாற்றம் விலையைப் பற்றியது. நெடுங்காலம் சான்றிதழ் காசு கொடுத்து வாங்கும் பொருளாகவே இருந்தது; நட்சத்திரத்திற்கு மிகுதியான விலை. சிறு கடைக்காரரும் சிற்றூர்ப் பள்ளியும் அதன் பக்கமே செல்லவில்லை. மொசில்லா, எலக்ட்ரானிக் பிரண்டியர் பவுண்டேஷன், மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களைச் சார்ந்தோர் சிலர் கூடி, இலாப நோக்கமற்ற அமைப்பொன்றை நிறுவி, ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்ற பெயரில் 2015 டிசம்பரில் யாவர்க்கும் இலவசமாகச் சான்றிதழ் வழங்கத் தொடங்கினர். மனிதர் எவரும் விண்ணப்பத்தைப் படிப்பதில்லை. இரண்டு கணினிகள் தமக்குள் வினாவி விடையிறுத்து முடித்துக்கொள்ளும். அவ்வுரையாடலின் விதிக்கு ஏ.சி.எம்.இ. என்று பெயர். சான்றிதழின் ஆயுள் 90 நாள்; முடியுமுன் கணினியே புதுப்பித்துக்கொள்ளும்.

தொடக்கத்தில் இவர்கள் நட்சத்திரத்தைத் தரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ‘நூலகம்’ என்ற பெயருக்குச் சான்று கேட்டால், நூலகத்தின் வாயிலில் ஓர் அடையாளச் சீட்டை ஒட்டுமாறு சொல்லி, வந்து பார்த்துச் செல்லலாம். ‘எல்லா வீடுகளுக்கும்’ என்று கேட்பவரிடம் எந்த வாயிலைப் போய்ப் பார்ப்பது? ஒரு வீட்டில் குடியிருப்பவன் தெரு முழுவதும் தனதென்று சாதிக்க இடமாகிவிடும். ஆகவே, 2018 மார்ச்சு 13-ஆம் நாள் நட்சத்திரச் சான்றிதழை வழங்கத் தொடங்கியபோது, வாயிற் சோதனையை ஏற்பதில்லை, பெயர்ப் பதிவேட்டுச் சோதனை ஒன்றையே ஏற்போம் என்று விதித்தனர். 1983-இன் பெயர் ஏடும் 1978-இன் சாவிச் சீட்டும் இங்கே வந்து கூடின.

நடைமுறை இவ்வாறு. சங்கத்தின் சர்வரிலுள்ள சிறு நிரல் ஒன்று, சான்றளிப்பவரிடம் ‘*.சங்கம்.இந்தியா’ வேண்டும் என்று கேட்கும். அவர் முன்னறிய இயலாத ஒரு சொல்லைக் கொடுப்பார். நிரல் அச்சொல்லோடு தன் கணக்குச் சாவியின் கைந்நாட்டை இணைத்து, கணக்கிட்டு, 43 எழுத்துகள் கொண்ட ஒரு வரியாகச் சுருக்கும். அவ்வரியைச் சங்கத்தின் பெயர்ப் பதிவேட்டில், இதற்கென்றே குறித்த ஒரு கிளைப் பெயருக்கு எதிரே, நாம் முன்பு கூறிய உரைப் பதிவாக எழுத வேண்டும். சான்றளிப்பவர் பதிவேட்டைக் கேட்டுப் பார்ப்பார். வரி ஒத்திருந்தால் ஏட்டில் எழுதும் உரிமை விண்ணப்பித்தவர்க்கு உண்டு என்பது தெளிவு; ஏட்டுக்குரியவரே கிளை அனைத்துக்கும் உரியவர்; சான்றிதழ் கைக்கு வரும். தாய்ப்பெயரையும் நட்சத்திரத்தையும் ஒருங்கே கேட்போர்க்கு ஒரு நுட்பம்: இரண்டுக்கும் தனித்தனி வரி வரும், இரண்டும் அதே பெயருக்கு எதிரே அருகருகே இருத்தல் வேண்டும். ஒன்றை அழித்து மற்றொன்றை எழுதினால் சோதனை தவறக்கூடும். ஏட்டின் படிகள் பல இடங்களில் இருப்பதால், எழுதியவுடன் சோதனைக்கு அழையாமல் சற்றே பொறுத்தலும் நன்று.

90 நாளுக்கொரு முறை ஒருவர் உட்கார்ந்து இவ்வரியைக் கையால் எழுதிக்கொண்டிருக்க இயலுமா? மறந்துவிட்டால் சங்கத்தின் பக்கங்கள் அனைத்தும் ஒரே நாளில் அபாய அறிவிப்பைக் காட்டும். இங்கேதான் கிளவுட் எனப்படும் மேகக் கணினிச் சேவை வந்து சேர்கிறது. அமேசான் நிறுவனம் 2010 டிசம்பரில் ரூட் 53 என்ற பெயரில் பெயர்ப் பதிவேட்டைத் தன் கணினிகளில் வைத்துப் பேணும் சேவையைத் தொடங்கிற்று. பிறரும் அத்தொழிலில் இறங்கினர். இவற்றில் பதிவேட்டை மனிதர் கைதொட வேண்டுவதில்லை. ஏ.பி.ஐ. என்னும் வாயில் வழியாக, உரிய சாவியைக் காட்டி, நிரலே வரியை எழுதவும் அழிக்கவும் கூடும். சான்றிதழ் தானே புதுப்பிக்கப்படும்; சங்கச் செயலாளர் நிம்மதியாக ஆண்டு விழாவைக் கவனிக்கலாம்.

ஆனால், உரிமையின் இருப்பிடம் மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். முன்பு சங்கத்தின் சர்வரைக் காப்பது காவலாயிருந்தது. இப்பொழுது மேகத்திலுள்ள ஏட்டைத் திருத்தும் சாவியைக் காப்பதே காவல். நட்சத்திரம் கிடைத்த அடுத்த மாதமே, 2018 ஏப்ரல் 24-ஆம் நாள், இணையத்தின் வழித்தடங்களைத் திரித்து, ரூட் 53-க்குச் செல்ல வேண்டிய வினாக்களை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தம்பால் திருப்பிக்கொண்டனர் சிலர். மைஈதர்வாலட் என்ற பணப்பை நிலையத்தைத் தேடி வந்தோர் போலி நிலையத்தில் கொண்டுவிடப்பட்டனர். கள்வரிடம் முறையான சான்றிதழ் இல்லை, உலாவி எச்சரித்தது. எச்சரிக்கையைப் பொருட்படுத்தாது மேற்சென்றோர் இழந்த தொகை சுமார் 1,50,000 டாலர். ஏடு பொய்த்த வேளையிலும் சீட்டு மெய் சொன்னது என்பது இதில் தேற்றம். சில திங்களுக்குப் பின் அத்தேற்றமும் குலைந்தது. மேற்காசிய நாடுகளின் அரசு அலுவலகங்கள் முதலியவற்றின் பெயர்ப் பதிவேட்டுக் கணக்குகளைக் கைப்பற்றிய வேறொரு கூட்டத்தார், ஏட்டையும் மாற்றி, மாற்றிய ஏட்டைக் காட்டி முறையான சான்றிதழையும் பெற்றுக்கொண்டனர். உலாவி எச்சரிக்கவில்லை, எச்சரிக்க அதற்குக் காரணமும் இல்லை. 2019 ஜனவரி 22-ஆம் நாள் அமெரிக்க அரசு தன் அலுவலகங்கள் அனைத்துக்கும், பெயர்ப் பதிவுகளை உடனே சரிபார்க்குமாறு அவசர ஆணை பிறப்பித்தது.

இதன் பின்னர்க் காவல் பல வகையில் இறுகிற்று. 2020 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் ஒரே இடத்திலிருந்து கேட்டு நம்பிவிடாமல், இணையத்தின் பல்வேறு இடங்களிலிருந்து அதே வினாவைக் கேட்டு விடைகளை ஒப்பிடுகிறது. ஒரு வழித்தடத்தைத் திரித்தவன் எல்லாவற்றையும் திரித்தல் அரிது. சான்றிதழின் ஆயுளும் குறைந்து வருகிறது. உலாவி செய்வோரும் சான்றளிப்போரும் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, 2029 மார்ச்சு 15 முதல் எச்சான்றிதழும் 47 நாளுக்கு மேல் செல்லாது. ஆகவே கையால் எழுதும் பழக்கம் இனி நிலைக்காது. ஏட்டின் சாவியை நிரலின் கையில் கொடுப்பது எல்லார்க்கும் தவிர்க்க இயலாததாகிறது.

எனின், எவ்வளவு கொடுப்பது என்பதே கேள்வி. சங்கத்தின் கணினிப் பணியைத் தொண்டாகச் செய்யும் இளைஞர் பலர், பதிவேடு முழுவதையும் திருத்தும் சாவியை அப்படியே சர்வரில் வைத்துவிடுகின்றனர். இதனை நாம் ஒப்புவதற்கில்லை. சர்வரில் நுழைந்த ஒருவன் அச்சாவியால் சங்கத்தின் அஞ்சலையும் நன்கொடைப் பக்கத்தையும் தன்பால் திருப்பிக்கொள்ளலாம். இந்தியக் கட்டுப்பாட்டாளரின் ஒப்பத்திற்கு எல்லை வகுத்தது போலவே இச்சாவிக்கும் எல்லை வகுக்கலாம். சோதனை வரி எழுதப்படும் அந்த ஒரே கிளைப் பெயரை, சி-நேம் என்னும் பதிவின் மூலம், வேறொன்றுக்கும் பயன்படாத தனி ஏட்டிற்குச் சுட்டிவிடலாம். சான்றளிப்போர் அச்சுட்டலைப் பின்பற்றிச் சென்று படிக்க விதி இடந்தருகிறது. நிரலுக்கு அத்தனி ஏட்டின் சாவியை மட்டும் கொடுத்தால், அது களவு போயினும் கள்வன் கையிலிருப்பது ஓர் ஓரக் குறிப்பு எழுதும் உரிமையே. அதைக்கொண்டு சான்றிதழ் கேட்கலாமேயன்றி, அஞ்சலையும் நன்கொடையையும் திருப்ப இயலாது. அவ்வாறு கேட்டால் அது பொதுப் பேரேட்டில் பதிவாகிவிடும். அப்பேரேட்டில் சங்கத்தின் பெயரைத் தேடிப் பார்க்கக் கட்டணமில்லை. திங்களுக்கொரு முறை பார்க்கும் வேலையைச் செயற்குழுவில் ஒருவர் ஏற்றுக்கொள்ளலாம்.